முட்டைப் பாசி

ஜெசிந்தா அந்தப் பக்கெட்டைக் கீழே வைத்த விதத்திலேயே தணிகாசலத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஒரு சொட்டுத் தளும்பவில்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் இறக்குவதுபோல இறக்கினாள். ஒரு பொருளை இவ்வளவு பதமாக வைக்கிறார்கள் என்றால் அது வைக்கிறவருக்கு உயிராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவருக்கு உலை வைப்பதாக இருக்க வேண்டும். லூர்துராஜின் மகள் கொண்டுவந்தது இதில் எது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்பா உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாரு மாமா. கடையை இன்னைக்குக் காலி பண்ணியாகணும், ஓனர் கட்டடத்தை இடிக்கிறாரு. மீனு, தொட்டி எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. சாயந்தரத்துக்குள்ள நல்ல டேங்க்ல விடலைன்னா செத்துடும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறவன், கொளத்தூரில் இத்தனை மீன் கடை இருக்கும்போது இந்தக் கடைப் படியைத் தேடி அனுப்பியிருக்கிறான். "ஏன், உங்கப்பன் வர மாட்டானா? கால் இல்லியா அவனுக்கு?" என்று கேட்டார். "அவரால வர முடியல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சச் சாமானை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரத்தில் வருவதாகப் போய்விட்டாள். முடியல. எப்படி முடியும்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான்? பெண்ணை அனுப்பினால் தணிகாசலம் திட்ட மாட்டான், வாங்கிக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பெண்ணும் அப்பன் மாதிரியே பேச்சை அளந்துதான் பேசுகிறது.

மூடியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. அதே ஹேமர். பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு நுனியும் ஒரு குட்டிச் சுத்தியல்போல இருக்கும் பவளம். அதனால்தான் தெருவில் எல்லாரும் அதை ஹேமர் என்பார்கள். சேர்ந்து கடை நடத்திய காலத்தில் விமானத்தில் வந்த பெட்டியிலிருந்து இவரே பிரித்து எடுத்தது, அப்போது இரண்டே தலை. இப்போது எண்ணிப் பார்த்தார், பதினொன்று. பயணத்தில் மிரண்டு எல்லாத் தலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கல் கிளையாகக் கிடந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெண் நிற்கும்போதே பக்கெட்டைத் தூக்கிக் கொடுத்து, உங்கப்பனிடம் சொல்லு, தணிகாசலம் வாங்க மாட்டேன்னுட்டான் என்று அனுப்பியிருக்கலாம். பதினொரு தலையை எண்ணி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு வாயிலிருந்து போய்விட்டது. இப்போது உட்கார்ந்து சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்த உயிரை நேரே தொட்டியில் விடக் கூடாது. நம் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் இறக்கி, குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக அதன் பக்கெட்டில் விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் உப்பும் சூடும் அதற்குப் பழகும். சொட்டு விழுகிறது. நொடிக்கு இரண்டு. முடிச்சைக் கொஞ்சம் இறுக்கினார். நொடிக்கு ஒன்றரை. இப்படி ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பவளத்தின் மேல் லூர்து ஒளித்து அனுப்பியிருப்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்காமல் உள்ளே விட்டால் ஐந்து தொட்டியும் போச்சு, பன்னிரண்டு வருஷமும் போச்சு.

முட்டைப் பாசி என்று இந்தத் தெருவில் சொல்வார்கள். தலைமுடி மாதிரி வளரும் பாசியைப் பிடுங்கிவிடலாம், நத்தையை விட்டு மேயவிடலாம். இது அப்படியில்லை. பச்சைக் குமிழாக, கண்ணாடிக் குண்டுபோல, பாறை இடுக்கில் ஒன்றே ஒன்று உட்காரும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அழகாக இருக்கிறதே என்று விரலை வைத்து அழுத்தினால் உடையும். உடைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் நூறு குஞ்சு. இரண்டு மாதத்தில் தொட்டி முழுக்கக் குண்டு, பவளத்தின் கழுத்தைச் சுற்றிக் குண்டு, பம்பின் வாயில் குண்டு. ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போக அதற்குக் காலோ இறக்கையோ வேண்டாம், ஈரம் இருந்தால் போதும். ஒரு வலையின் ஈரம், ஒரு பக்கெட்டின் அடியில் நின்ற ஈரம். அதனால்தான் தணிகாசலத்தின் கடையில் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனிக் குழாய், தனி பக்கெட், தனி டூத்பிரஷ். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், பேர் எழுதி ஒட்டுவது சரிப்படாது என்று ஒவ்வொன்றின் காம்பிலும் ஒவ்வொரு நிறத் துணி கட்டியிருக்கிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. நீலத் தொட்டி வலை சிவப்புத் தொட்டியின் மூடியில் பட்டால்கூட ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஒரு ராத்திரி, அப்புறம் மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல். வாடிக்கையாளர் யாராவது மீனைக் காட்ட விரலைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனால் தட்டிவிடுவார். ஒரு பெரிய மனுஷன் கோபித்துக்கொண்டே போய்விட்டார். போகட்டும். ஆறாவதாக ஒரு தொட்டி உண்டு, காவித் துணி, புதிதாக வருவதையெல்லாம் இரண்டு மாதம் ஒதுக்கி வைத்துப் பார்க்கிற தொட்டி. அது போன வாரம் மூலை விட்டு ஒழுகி, இப்போதுதான் பசை போட்டுக் காய்கிறது. இதுவும் லூர்துக்குத் தெரிந்திருக்குமோ. ஒதுக்குத் தொட்டி ஒழுகுது, இப்ப அனுப்பினா நேரே உள்ளதான் வுட்டாகணும் என்று யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களோ. பசை வாங்கிய கடைக்காரன் லூர்தோடு டீ குடிக்கிறவன். ஒரு பக்கெட்டில் புது உப்புத் தண்ணீர் கலந்து, காற்றுக் குழாய் போட்டு, தினம் பாதித் தண்ணீர் மாற்றி மாற்றி அதில் வைத்திருக்கலாம்தான். தினம். லூர்துராஜின் பவளத்துக்குத் தினம் ஊழியம் செய்ய இவருக்கு என்ன தலையெழுத்து?

லூர்துவோடு சேர்ந்து நடத்திய அந்தக் கடையில் எட்டுத் தொட்டி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. காலையில் லூர்து வருவான், வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு விளக்கைப் போடுவான். இவர் திருநீறு பூசிக்கொண்டு பம்பைப் பார்ப்பார். முட்டைப் பாசி முதலில் மூன்றாம் தொட்டியில் வந்தது. பதினைந்து நாளில் ஐந்தாவது. அப்புறம் முதல் தொட்டி. அப்புறம் கேட்கவே வேண்டாம். கடையில் நாலு வாடிக்கையாளர் நிற்கிறார்கள், ஒருத்தர் அண்ணா நகரிலிருந்து காரில் வந்தவர், அவர்கள் முன்னால் லூர்து சொன்னான், "ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் வுட்டு எடுத்தா பாசி வராம பன்னீரா வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். காரில் வந்தவர் கொஞ்சம் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய தங்கப் பல் தெரிந்தது, அது இப்போதும் தணிகாசலத்துக்குக் கண்ணில் நிற்கிறது. வலையா? இவரா? அப்போதே வலையைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தார். துணி கட்டவில்லை, அவ்வளவுதான், ஆனால் எது எதன் வலை என்று கைக்குத் தெரியும். கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் கையைக் காட்டி, சத்தியமா ஒரு வலையை ரெண்டு தொட்டியில நான் வுடல என்று சொன்னார். "சாமியை இன்னாத்துக்குப்பா இழுக்கிற, வலையைக் கழுவு" என்றான். அதோடு முடிந்தது. யார் வலை விட்டார்கள் என்றால் லூர்துதான் விட்டிருக்க வேண்டும். தன் தப்பு தெரிந்து முந்திக்கொண்டான். கடை பிரிந்து சாமானைப் பங்கு போட்டபோது பாசி படாமல் தப்பியது இந்த ஹேமர் ஒன்றுதான், தனியாக ஒரு ஜாடியில் இருந்ததால். அதையும் எடுத்துக்கொண்டு போனான். கேட்கவில்லை. இவரும் வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பானோ என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறார். கொடுத்திருக்க மாட்டான். கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்கக் கூடாது.

பூதக்கண்ணாடியை எடுத்தார். பக்கெட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி, அடியிலிருந்து ஆரம்பித்தார். மேல் தலைகளில் ஒன்றும் இருக்காது, சதை இருக்கிற இடத்தில் பாசி ஒட்டாது. கீழே, உயிர் ஏறி மேலே போன பிறகு விட்டுப்போகிற வெறுங் கிளையில்தான் ஒளியும். இரண்டு கிளை சேர்கிற கவட்டையில், பழைய பசையின் ஓரத்தில், புழு விட்டுப்போன ஓட்டையில். முதல் கிளை. வெள்ளை. இரண்டாவது. வெள்ளை. மூன்றாவதில் ஒரு பச்சை தெரிந்ததும் அவருக்கு நெஞ்சு குதித்தது. சந்தோஷத்தில் குதித்தது என்பதை அவரே கவனித்தார். பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். மேலே இருக்கிற சதையின் நிறம் தண்ணீரில் ஆடி விழுந்த நிழல். திரும்பவும் வெள்ளை. சொட்டு விழுகிறது. "இன்னாய்யா, அந்தப் பொண்ணு கொண்டாந்ததையே மொறச்சுப் பாத்துக்கினு கீற, அது இன்னா திருடிக்கினு வந்துதா?" என்று உள்ளேயிருந்து பாப்பம்மாள் கேட்டாள். பெண்டாட்டிக்கு லூர்துவின் மேல் ஒரு நாளும் கோபம் கிடையாது. அவன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வந்தால் வாங்கி வைப்பாள், இவர் தொட மாட்டார், மறுநாள் டப்பா காலியாக இருக்கும். "உன் வேலையைப் பாரு" என்றார். "என் வேலை ஆயிப்போச்சு, சோறு ஆறுது." நாலாவது கிளை. ஐந்தாவது. என்ன இது, இப்படியா ஒருத்தன் வைத்திருப்பான்? பன்னிரண்டு வருஷத்துக் கிளை, பல் விளக்கியதுபோல இருக்கிறது. பழைய பசைக் கட்டியை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறது. கவட்டைக்குள்கூட பிரஷ் போன தடம் தெரிகிறது. இதற்குத் தினம் காலையில் கால் மணி நேரமாவது வேண்டும். இவ்வளவு சுத்தமாக எதற்கு அனுப்புவான்? சுத்தமாக இருப்பதே ஒரு சூழ்ச்சியாக இருந்தால்? இப்படி விளக்கி அனுப்பினால் தணிகாசலம் ஏமாந்து நேரே விட்டுவிடுவான், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு உள்ளே போய்விடும், இரண்டு மாதத்தில் தெருவே வந்து பார்க்கும், அப்போது அந்தத் தங்கப் பல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். ஆறாவது கிளையையும் பார்த்தார். முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லையோ என்று முதல் கிளைக்குத் திரும்பினார். ஏதாவது இருக்க வேண்டும். இல்லாமல் போகாது.

முக்கால் மணி நேரம் இருக்கும். ஹேமர் மெதுவாக விரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் ஓரத்துத் தலை, பிறகு நடுவில் மூன்று, பச்சைச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தண்ணீரில் அசைந்தன. நம்ம தண்ணி ஒத்துக்கிச்சு என்று ஒரு நினைப்பு, அந்த நினைப்பின் மேல் உடனே ஒரு கோபம். எங்கே வைப்பது என்று இடம் பார்க்க நீலத் தொட்டிக்கு எதிரே குந்தினார். ஹேமருக்கு அதிக வெளிச்சம் ஆகாது, வேகமான நீரோட்டமும் ஆகாது. இடது பக்கம் தாழ்வாக இருக்கும் பாறையில் ஒரு குழிவு உண்டு, அங்கேதான் வைக்க வேண்டும். பூதக்கண்ணாடி கையிலேயே இருந்தது, கண்ணும் அதே பார்வையில் இருந்தது, லூர்துவின் தப்பைத் தேடிக்கொண்டிருந்த பார்வை. அதே பார்வையில் குழிவைப் பார்த்தார். குழிவின் உதட்டுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு குமிழ். கரும்பச்சை. மேலே வெள்ளிப் பூச்சுப்போல ஒரு மினுக்கு. காற்றுக் குமிழ் என்றார் தனக்குள். பம்பின் ஓட்டம் பட்டால் காற்றுக் குமிழ் ஆடும், நழுவி மேலே போகும். இது ஆடவில்லை. நத்தை முட்டை என்றார். நத்தை ஒற்றையாக இடாது. கண்ணாடியில் வெளியே படிந்த தூசி என்று விரலால் துடைத்தார். துடைத்த இடம் பளிச்சென்று ஆனது, குமிழ் இன்னும் பளிச்சென்று ஆனது. குழாயைப் பார்த்தார். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தொட்டியின் தண்ணீர் முக்கால் மணி நேரமாக அந்தப் பக்கெட்டுக்குள். கை நீட்டி முடிச்சை இறுக்கினார். சொட்டு நின்றது.

நின்ற பிறகு கடையில் ஒரே நிசப்தமாகத் தோன்றியது, ஐந்து பம்பு ஓடிக்கொண்டிருந்தும். யார்? அந்தப் பெண் குனிந்து பக்கெட்டை வைத்தபோது எதையாவது போட்டிருப்பாளோ. போட்டிருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பட்டாணி ஆகாது, பட்டாணி ஆக இரண்டு மாதம் வேண்டும். தண்ணீர் கேன் போடுகிறவன் மூடி மேல் கை வைத்து நின்று பேசுவான். ஆனால் அவன் கை உள்ளே போனதில்லை. பாப்பம்மாள்? கேக் தின்கிறவள். சே, அவளுக்குத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. யாரும் கையை விடவில்லை. இந்தத் தொட்டிக்குள் போகிற கை ஒன்றுதான், தினம் காலையில் பம்பின் வாயைத் திருப்ப, மணிக்கட்டை அந்தக் குழிவின் மேல் ஊன்றிக்கொண்டுதான் திருப்புவார், இடம் தேய்ந்துகூட இருக்கும். குமிழ் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அவர் முடிச்சுப் போட்ட கையைப் பார்த்தார். மணிக்கட்டில் கயிறு. திருத்தணிக் கயிறு, ஆடிக் கிருத்திகைக்குக் கட்டினால் அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத்தான் அவிழ்ப்பது, முப்பது வருஷமாக அப்படித்தான். சிவப்பாக வாங்கியது, இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. ஈரமாக இருந்தது. எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், காய நேரமேது? திங்களும் வியாழனும் ஒரு வக்கீல் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போகிறார். அந்தத் தொட்டியில் முட்டைப் பாசி கொட்டிக் கிடக்கிறது, அதனாலேயே அதற்கான எல்லாச் சாமானும் அங்கேயே வைத்திருக்கிறார், ஒரு துரும்பு அங்கேயிருந்து இங்கே வராது. கிளம்பும்போது முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்துக்குள் பிரஷ் விட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார். கயிறை என்ன செய்தார்? கயிறை ஒன்றும் செய்யவில்லை. சாமிக் கயிற்றுக்கு யார் சோப்புப் போடுவார்கள்? மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோனார். தொட்டிக்குத் தொட்டி ஒரு வாடை உண்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார். வக்கீல் மீனுக்கு அளவு தெரியாமல் மட்டிச் சதையைத் தீனி போடுகிறவர், அந்தத் தொட்டியில் பழைய மட்டி வாடை அடிக்கும். அந்த மட்டி வாடை இங்கே, தன் கடையில், தன் கையிலிருந்து வந்தது.

அப்படியென்றால் எட்டுத் தொட்டி. அவர் அந்த நினைப்பை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார். வலை இல்லை. வலை இல்லவே இல்லை, அது சத்தியம். கற்பூரம் ஏற்றிச் சொன்னது, ஒரு வலையை இரண்டு தொட்டியில் விடவில்லை, அது இன்றைக்கும் உண்மை, லூர்து சொன்னது பொய், அவன் சொன்னது நாலு பேர் முன்னால் சொன்ன பொய். ஆனால் மூன்றாம் தொட்டி, ஐந்தாம் தொட்டி, முதல் தொட்டி. அந்தக் காலத்தில் பவளத்துக்குத் தீனி கொடுக்கிற வேலை இவருடையது. மூன்று, அப்புறம் ஐந்து, அப்புறம் ஒன்று, பவளம் இருந்த தொட்டிகள், அந்த வரிசையில்தான் கை போகும். மீன் தொட்டிகளுக்கு லூர்து. மீன் தொட்டிகளுக்குக் கடைசியாகத்தான் வந்தது. ஜாடியில் தனியாக இருந்த ஹேமர், அதற்குத் தீனி யார் கொடுத்தது? லூர்து. புதிது, பயந்துக்கும், நீ கை வைக்காத, நான் பாத்துக்கிறேன் என்று சொல்லி அவனே கொடுத்தான். அதற்குத்தான் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக இது எல்லாம் மனசில் இருந்ததுதான், ஒன்றும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை, ஒரு தடவைகூட இப்படி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. தப்பு வலையில் இல்லை என்று நிரூபித்ததும் தப்பே இல்லை என்று எழுந்து வந்துவிட்டார். இருக்காது. கயிற்றிலிருந்து வருமா? கயிறு எவ்வளவு, ஒரு விரல் நீளம் ஈரம். ஈரம் போதும் என்று சொன்னதும் அவர்தான். தினம் எல்லாருக்கும் சொல்கிறவர்.

அந்தப் பெண் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கொஞ்ச நேரம் போதும். குமிழை உடையாமல் திருகி எடுத்து அந்தப் பக்கெட்டில், ஹேமரின் கவட்டையில் செருகிவிட்டால்? பாரும்மா, உங்கப்பன் அனுப்பின லட்சணத்தை. தெருவே நம்பும். நம்பாமல் என்ன, ஐந்து தொட்டிக்கும் ஐந்து நிறத் துணி கட்டி வைத்திருக்கிறவன் இவன். பசைக் கடைக்காரன் சாயந்தரத்துக்குள் எல்லாக் கடைக்கும் சொல்லிவிடுவான். பன்னிரண்டு வருஷம் கழித்து லூர்துராஜின் பேரில் பாசி. அவருடைய விரல்கள் ஏற்கனவே தொட்டியின் மூடியைத் தூக்கியிருந்தன. தூக்கிய மூடியோடு பக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். இப்போது பதினொரு தலையும் விரிந்துவிட்டது. அடியில் வெள்ளைக் கிளைகள், ஒரு புள்ளி இல்லாமல். இப்படி வைக்க எவ்வளவு பாடு என்று இந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வேறு யாரிடம் காட்டினாலும் நல்லா கீதுப்பா என்பார்கள், அவ்வளவுதான். அனுப்பினவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் இங்கே அனுப்பினான், படுபாவி. மூடியை வைத்தார். பின்னால் போய் டிரம்மிலிருந்து காலையில் கலந்த புது உப்புத் தண்ணீரை, எந்தத் தொட்டியிலும் படாத தண்ணீரை, துணி கட்டாத புது பக்கெட்டில் இடது கையால் மொண்டு ஊற்றினார். இடது கை பழக்கமில்லை, பாதி தரையில் போயிற்று. ஹேமரைத் தூக்கி ஒரு தடவை அலசினார், அந்தத் தண்ணீரைக் கொட்டினார், அயோடின் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தார், திரும்ப அலசினார். பவளம் பயந்து எல்லாத் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் ஊட்டினதை வாந்தி எடுக்க வைக்கிற மாதிரி இருந்தது. காற்றுக் குழாயைப் போட்டார். தினம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். தினம்.

ஜெசிந்தா வந்தபோது அவர் வலது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றார். அவள் நீலத் தொட்டியைப் பார்த்தாள், பிறகு கீழே பக்கெட்டைப் பார்த்தாள். "இன்னும் விடலியா மாமா?" "வுடல." "ஏன்?" "பாசி கீது." அவள் முகம் விழுந்துவிட்டது. குனிந்து பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "நேத்து ராத்திரிகூடப் பார்த்தோமே மாமா. எல்லாக் கிளையும் பார்த்தோமே. எங்க இருக்கு?" எங்கே என்று அவள் தேடிக்கொண்டேயிருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றால் போதும், அவளாகவே ஏதாவது ஒரு நிழலைப் பார்த்து ஒத்துக்கொண்டுவிடுவாள், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. வலை விடவில்லை என்றதுபோல. "உங்களுதுல இல்ல" என்றார். "என்னுதுல." அவள் நிமிர்ந்தாள். "உங்க டேங்க்லயா?" அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று உற்றுப் பார்த்தார். வரவில்லை. அவளுக்கு நம்பிக்கைதான் வரவில்லை. "நீலத் தொட்டி. அந்தக் குழிக்குக் கீழ. இதுல வுட்டா இதுவும் போயிடும். இந்த பக்கெட்டுலயே இருக்கட்டும், நான் தினம் தண்ணி மாத்துறேன். காவித் தொட்டி காய்ஞ்சதும் அதுக்கு மாத்திடறேன். போய்ச் சொல்லு உங்கப்பங்கிட்ட."

அவள் அங்கேயே போனை எடுத்தாள். அவர் எதிர்பார்க்கவில்லை. சாயந்தரம் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாள், அவன் சிரிக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தார். "அப்பா, மாமா டேங்க்ல முட்டைப் பாசியாம். ஆமா. இல்ல, அவரேதான் சொல்றாரு. நம்மளுது நல்லாதான் இருக்காம்." போனுக்குள் குரல் குழறலாக, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல வந்தது. சிரிப்பை அடக்குகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "எத்தினின்னு கேக்குறாரு மாமா." "ஒண்ணு. கண்ணுல பட்டது ஒண்ணு." "ஒண்ணாம்பா... ஒண்ணுன்னா நம்ப முடியாதுன்றாரு மாமா. தொட்டுக் கிட்டு வெச்சிடாதீங்கன்றாரு." "எனக்குத் தெரியாதா? அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" "தெரியும்ன்றாருப்பா." போனில் இன்னும் கொஞ்சம் குழறல். "நாளைக்கு ஆட்டோ வெச்சு வந்து பாக்குறாராம் மாமா." வருகிறானாம். இன்றைக்கு முடியாத கால் நாளைக்கு முளைத்துவிடும். பாசி என்றதும் பார்க்க வருகிறான். "வரட்டும்" என்றார். "வந்து நல்லா பாக்கட்டும். ஆனா தொட்டிக்குள்ள மட்டும் கையை வுடக் கூடாதுன்னு சொல்லு. எவன் கையும் உள்ள போவக் கூடாது."

ஜெசிந்தா இதைப் போனில் சொல்லவில்லை. போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "அவருக்குக் கை தூக்க வராது மாமா" என்றாள். "வைகாசில இழுத்துக்கிச்சு. வலது பக்கம். பேச்சும் தெளிவா இல்ல. இதைக்கூட அவரு பக்கத்துல உக்காந்து அங்க பாரு இங்க பாருன்னுவாரு, நான்தான் பிரஷ் போடுறேன். உங்களுக்குத் தெரியாதா? அம்மா வந்து அத்தைகிட்ட சொன்னாங்களே." உள்ளே பாப்பம்மாள் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. கேக் டப்பாவைப்போல இதையும் அவள் வாங்கி உள்ளேயே வைத்துவிட்டாள். லூர்து பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவரிடம் எப்படிச் சொல்வாள்? ஆறு மாசம். தெருவெல்லாம் தெரிந்திருக்கும். பசைக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். தணிகாசலம் நீலத் தொட்டிக்குப் போய் பம்பை நிறுத்தினார், ஓட்டம் பட்டு அது உடைந்துவிடக் கூடாது. குமிழ் அசையாமல், முழுசாக, வெள்ளிப் பூச்சோடு இருந்தது. இப்போதே எடுத்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. எடுத்துவிட்டால் நாளைக்கு வந்து, நூறு இருந்திருக்கும், மறைச்சுட்டான் என்பான். அவன் வாய் குழறினாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான். இருக்கிறபடியே பார்க்கட்டும். எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், எந்தக் கை போகிற இடம் என்று சொல்லாமலே தெரிந்துகொள்வான், அந்த அளவுக்குத் தொழில் தெரிந்தவன்தான். அந்தப் பெண் போனை இன்னும் மூடிக்கொண்டே நின்றது. "பத்து மணிக்கு மேல வரச் சொல்லும்மா" என்றார். "அதுக்கு முன்னால வந்தா கண்ணாடியில வெயில் அடிக்கும், உள்ள இருக்கறது ஒண்ணும் தெரியாது."